'இங்கே வா' முதல் 'எங்க வலிக்குது' வரை: தோட்டத்து நோயாளியோடு யார் பேசினார்கள்?

எங்களில் ஒருத்தியின் அப்பாயிக்கு வயது எழுபத்தாறு. கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் பால் வெட்டினவங்க. போன வருஷம் காய்ச்சலோடு ஒரு அரச வைத்தியசாலையில் சேர்த்திருந்தார்கள். பகல் முழுக்க அமைதியாகத்தான் இருந்தார். இரவு பத்து மணி போல கட்டிலை விட்டு இறங்கப் பார்த்திருக்கிறார். சேலைன் ஊசியைப் பிடுங்கிவிட்டார். பிடித்துப் படுக்கவைக்க வந்த மிஸ்ஸியின் கையைத் தட்டிவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். அந்த நேரம் வார்ட்டில் இருந்த யாருக்கும் தமிழ் விளங்கவில்லை. கடைசியில் இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள்.

விடிய நாலு மணி போல, தள்ளுவண்டி எடுக்க ஒரு சிற்றூழியர் வந்திருக்கிறார். சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், தோட்டத்தை ஒட்டின கிராமத்தில் பிறந்து வளர்ந்தவராம். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். அப்பாயி சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "நேரமாச்சு, பெரட்டுக்குப் போகணும், பேரு போயிரும்."

தோட்டத்தில் வளராதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோலில் விழுவது ஒரு 'பேர்'. அரை நாள் என்றால் அரைப்பேர். மாசக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கோ அதுதான் சம்பளம். வேலையை விட்டுப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகும், காய்ச்சல் மண்டைக்கு ஏறின ராத்திரியில், அப்பாயிக்குப் பயமெல்லாம் பேர் போய்விடும் என்பதுதான்.

அந்த மனுஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, உடைந்த தமிழில் சொன்னாராம்: "ஆச்சி, மழெ. இன்னைக்கு வெட்டு இல்ல. யாருக்கும் இல்ல." அப்பாயி ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே உண்மையாகவே மழை. பட்டை நனைந்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது என்பது அவருக்குத் தெரியாததா? "அப்பிடியா மாத்தயா" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். இதையெல்லாம் எங்கள் தோழிக்குச் சொன்னது பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அக்கா.

அந்த மிஸ்ஸியைக் குற்றம் சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. இரவில் ஒரு வார்ட் முழுவதையும் ஓரிருவர் பார்க்கிற இடத்தில், ஊசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்குகிற ஒரு கிழவி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்கு இருந்த கேள்வி வேறு. பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அந்த வார்ட்டில் ஒரு தமிழ் வாக்கியம் ஏன் இல்லாமல் போனது? கலைப்பீடத்துப் பிள்ளைகள்தானே நாங்கள், மருத்துவம் தெரியாது. ஆனால் 'ஏன் இல்லாமல் போனது' என்பது சரித்திரக் கேள்வி. அதைத் தேடிப் போனபோது கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பேச்சு என்ற சிகிச்சை

முதலில் ஒரு விஷயம். அப்பாயிக்கு வந்தது பைத்தியம் இல்லை. நம் பெரியவர்கள் 'ஜன்னி' என்று சொல்வது. வயதானவர்களுக்குக் கிருமித் தொற்று, காய்ச்சல், உடம்பில் நீர் குறைதல் வந்தால் மூளை தற்காலிகமாகக் குழம்பும். பகலில் தெளிவாக இருப்பார்கள், இரவில் கூடிவிடும். இதே மாதிரி, தினமும் குடிக்கிற ஒருவர் கால் முறிந்து வார்ட்டில் படுத்தால், குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, இல்லாத பூச்சியெல்லாம் கண்ணில் தெரிந்து, எழுந்து ஓடப் பார்ப்பார். சீனி குறைந்தாலும், மூச்சு முட்டினாலும், தலையில் அடிபட்டாலும் மனிதர் மூர்க்கமாகலாம். ஆகவே பேசிச் சமாதானப்படுத்துவது முதல் வேலைதான், முழு வைத்தியம் ஆகாது. காரணத்தைத் தேடி மருந்து கொடுக்க வேண்டியது டாக்டரின் வேலை. ஆனால் நோயாளி அமைதியானால்தான் டாக்டரால் அந்தக் காரணத்தையே தேட முடியும்.

பதற்றத்தைப் பேச்சால் தணிப்பது இன்றைக்கு முறையாகக் கற்பிக்கப்படுகிற ஒரு திறமை. 2012இல் அமெரிக்காவின் அவசர மனநல மருத்துவர்கள் 'புரொஜெக்ட் பேட்டா' என்ற பெயரில் வெளியிட்ட வழிகாட்டல் இதில் அதிகம் பேசப்படுவது. அதில் பத்து விஷயங்கள் இருக்கின்றன. இரண்டு கை தூரம் தள்ளி நில். சீண்டாதே. ஒரே ஒருவர் மட்டும் பேசுங்கள், உன் பெயரைச் சொல், அவர் பெயரைக் கேள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல், அதையே திரும்பத் திரும்பச் சொல். அவருக்கு என்ன வேண்டும், என்ன உணர்கிறார் என்று கண்டுபிடி. காது கொடுத்துக் கேள். ஒத்துப்போக முடிந்ததில் ஒத்துப்போ. எது கூடாது என்பதை மரியாதையாக, தெளிவாகச் சொல். தெரிவும் நம்பிக்கையும் கொடு. எல்லாம் முடிந்த பிறகு நோயாளியோடும் ஊழியரோடும் நடந்ததைப் பற்றிப் பேசு.

இந்தப் பத்தையும் எழுதி வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டை வாய் திறக்காமலே செய்யலாம். மற்ற எட்டுக்கும் நோயாளியின் மொழி வேண்டும். மொழி இல்லையென்றால் மிச்சமிருப்பது துணியும் ஊசியும்தான்.

சங்கிலியை அவிழ்த்தது யார்?

மனநல மருத்துவ வரலாற்றில் எல்லோரும் சொல்கிற கதை, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிலிப் பினெல் என்ற டாக்டர் பாரிஸில் நோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தார் என்பது. அந்தக் காட்சியை ஓவியமாகக்கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பிசெத்ர் மருத்துவமனையில் 1797இல் சங்கிலிகளை அகற்றியவர் பினெல் இல்லை. ழான்-பப்தீஸ்த் புஸ்ஸேன் என்ற வார்ட் கண்காணிப்பாளர். டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. அதே இடத்துக்குக் கண்டமாலை நோயோடு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். குணமான நோயாளிகளையே ஊழியர்களாக எடுப்பது அவருடைய வழக்கம். பட்டவனுக்குத்தானே பாஷை தெரியும். பினெல் அவரிடமிருந்து கற்றுக்கொண்டதாகத் தானே எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலும் 1796இல் யார்க் நகரத்தில் குவேக்கர்கள் தொடங்கிய இல்லமும், 1839இல் ஹான்வெல் காப்பகத்தில் ஜோன் கொனொலி கட்டுகளை ஒழித்ததும் இதே வழியில் வந்தவை.

அதே நூற்றாண்டில் இலங்கை என்ன செய்துகொண்டிருந்தது? 1847இல் பொரளையில் ஒரு காப்பகம். அது நிரம்பி வழிந்து 1880களில் கறுவாத்தோட்டம். அதுவும் நிரம்பி வழிந்து 1926இல் அங்கொடை. இடையில் 1873இல் ஒரு 'லூனசி' கட்டளைச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி ஒருவருக்குச் சித்தம் பேதலித்திருக்கிறதா என்று விசாரித்துத் தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம். இறக்குவானைத் தோட்டத்திலோ தெரணியகலைத் தோட்டத்திலோ ஒருவர் நிலைகுலைந்தால், அவரோடு அரசு பேசுகிற முதல் பேச்சு கோட்டில். அதுவும் இங்கிலீஷில், நடுவே மொழிபெயர்ப்பாளர் வைத்து. நோயாளி தானாக விரும்பிப் போய்ச் சிகிச்சைக்குச் சேரும் வழி 1956இல் வந்த திருத்தத்தோடுதான் திறந்தது. அந்த 1956ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

சங்கிலி ஐரோப்பாவின் பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவத்திலும் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

ஏவல் தமிழ்

இனி எங்கள் பக்கம். மலையகம் என்றாலே எல்லோருக்கும் ஹட்டனும் நுவரெலியாவும்தான் ஞாபகம் வரும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் மலையகப் பேச்சிலேயே விடுபட்டுப் போகிறவர்கள். இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கோப்பிக்கும் தேயிலைக்கும் பிறகு இறப்பர் வந்தது. 1876இல் ஹெனரத்கொடையில் நட்ட மரங்களின் வம்சம், 1900களின் விலையேற்றத்தில் கேகாலை முழுக்கப் பரவியது. அந்தத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தோட்டத்து வைத்தியத்தின் சட்டம் 1872இல் தொடங்குகிறது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக ஒரு கட்டளைச் சட்டம். அதன் பிறகு 1880இல் ஒன்று, 1912இல் இரண்டு. தோட்டக்காரர்கள் நோயாளிக்கு மருந்தும் இடமும் கொடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆள் செத்தால் நட்டம், படுத்தாலும் நட்டம் என்ற கணக்கு அதில் இருந்தது. அப்படித்தான் டிஸ்பென்சரியும் 'டிஸ்பென்சர் ஐயா'வும் வந்தார்கள்.

அங்கே தமிழ் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. டிஸ்பென்சர், கணக்கப்பிள்ளை, கங்காணி எல்லோருக்கும் தமிழ் தெரியும். வெள்ளைக்காரத் தொரைக்கும் தமிழ் தெரியும், அவர் படித்தே ஆக வேண்டும். புதிதாக வருகிற சின்னத் தொரைமாருக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் பெர்குசன் அச்சகத்தார் ஒரு பையடக்கத் தமிழ்க் கையேடு போட்டார்கள். அதன் தலைப்பே 'இங்கே வா'.

அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஒரு மொழியை எதற்காகப் படிக்கிறோமோ அந்த வடிவில்தான் அது வாயில் நிற்கும். தோட்டத்தில் அதிகாரம் படித்த தமிழ் ஏவல் தமிழ். வா, போ, எடு, வெட்டு, நில். 'என்ன வேணும்', 'எங்க வலிக்குது', 'பயமா இருக்கா' என்பதெல்லாம் கேள்வி. தொரைக்கு அந்தக் கேள்விகளால் பிரயோசனம் இல்லை. டிஸ்பென்சரியிலும் பெரிய கேள்வி, இன்றைக்கு இவர் வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பதுதான். உள்ளபடியே அன்பாகப் பேசின டிஸ்பென்சர் ஐயாக்களை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அது அந்தத் தனி மனிதரின் குணம், அந்த ஏற்பாட்டின் குணமில்லை.

ஆகவே 'எல்லா வார்ட்டுக்கும் தமிழ் தெரிந்த ஒருவரைப் போட்டால் சரி' என்று நாங்களும் முதலில் நினைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. "ஏய் கெழவி, சும்மா படு" என்பதும் தமிழ்தான். அப்பாயி அதற்குப் படுத்திருப்பாரா?

கேள்வி கேட்டவர் கோடாங்கி

அந்தக் காலத்தில் நிலைகுலைந்தவரிடம் தோட்டத்தில் யாருமே கேள்வி கேட்கவில்லையா? கேட்டார்கள். லயத்து வாசலில், ராத்திரியில், உடுக்கையை அடித்துக்கொண்டு கோடாங்கி கேட்டார். நீ யாரு? எங்கருந்து வந்த? ஒனக்கு என்ன வேணும்? கொடுத்தா போயிருவியா?

இதைச் சும்மா மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. அந்தக் கேள்விகளின் வரிசையைப் பாருங்கள். பெயரைக் கேட்கிறார், தேவையைக் கேட்கிறார், ஒத்துக்கொள்ள முடிந்ததை ஒத்துக்கொள்கிறார், கடைசியில் எல்லை போடுகிறார். அமெரிக்க வழிகாட்டலின் பாதி இதில் இருக்கிறது. பகலில் மாமியாரிடமோ கங்காணியிடமோ சொல்ல முடியாத ஒன்றை, சாமி வந்த வாயால் ஒரு மருமகள் சொல்லிவிடலாம். ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பெரட்டில் எண்ணிக்கையாகவும் செக்ரோலில் பேராகவும் இருந்த ஒருத்திக்கு, தான் சொல்வதை ஒரு கூட்டம் உட்கார்ந்து கேட்பது சின்ன விஷயமில்லை.

அதே நேரம் ஒளிக்கவும் கூடாது. வேப்பிலையோடு நின்றுவிடாமல் சவுக்கால் அடித்ததும், முடியைப் பிடித்து ஆட்டியதும், மருந்து கொடுத்தால் குணமாகியிருக்கும் நோயை மாசக்கணக்கில் இழுத்தடித்ததும் அங்கேதான். கோடாங்கியிடம் திரும்பிப் போவோம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கள் ஆட்களிடம் கேள்வி கேட்டுத் தணிக்கிற ஒரு பழக்கம் இருந்தது, அது ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பதுதான் நாங்கள் சொல்லவருவது.

வார்ட்டை விட்டுப் போன மொழி

ஏன் வரவில்லை? இங்கேதான் சட்டங்களும் வருஷங்களும் முக்கியமாகின்றன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் கொள்ளுப்பாட்டன்மாரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமை போனது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றும் போனது. நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அதாவது தோட்டத்துப் பிள்ளை தாதியாக முடியாது, அட்டெண்டனாகக்கூட முடியாது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. மிஞ்சியவர்களின் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் தீர்ந்தது. எண்ணிப் பாருங்கள், ஐம்பத்தைந்து வருஷம். அந்த இரண்டு தலைமுறையில் வார்ட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டிய தமிழ்க் குரல்கள் நுழையவே இல்லை. அதோடு தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் எத்தனை இடத்தில் இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது.

1956. சிங்களம் மட்டும் சட்டம். நோயாளி தானாக முன்வந்து சிகிச்சை கேட்கலாம் என்று ஒரு கதவு திறந்த அதே வருஷத்தில், எந்த மொழியில் கேட்பது என்ற கதவு மூடியது. வரலாற்றில் இப்படியும் பொருந்தி வருகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987இல், 13ஆம் திருத்தத்தோடு.

அதற்கிடையில் 1977, 1981, 1983. இதில் 1981 ஆகஸ்ட் எங்கள் மாகாணத்துக்கே உரிய காயம். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டன, ஆட்கள் காட்டுக்குள் ஒளிந்தார்கள், பலர் வன்னிப் பக்கம் போய்த் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு டவுனில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் தமிழைத் தணிந்த குரலில் பேசப் பழகின அம்மாக்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டு அந்த ராத்திரியைத் திரும்பப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க வெளியிடத்தில் மெதுவாகத் தமிழ் பேசின ஒரு மனுஷி, சிங்கள வார்ட் ஒன்றில் முதல் தடவையாக உரத்துத் தமிழ் பேசினது ஜன்னியில்தான்.

இன்னொரு வார்ட்டையும் சொல்லாமல் விட முடியாது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் ஓர் இலட்சத்துக்கு 47, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதில் பெரும்பகுதி பூச்சிமருந்தும் களைகொல்லியும். அந்த வார்ட்டுகளில் நோயாளிகளைக் கட்டிலோடு கட்டுவது அன்றாடக் காட்சி. அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. முறிவுமருந்தாகக் கொடுக்கிற அட்ரோபின் அளவு கூடினால் அதுவே ஆளைக் குழப்பி, பதறவைத்து, ஊசிகளைப் பிடுங்கவைக்கும். இதோடு சேர்ந்து ஒரு பயம். 1998இல் சட்டத்தைத் திருத்தும் வரை தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றம். பிழைத்து எழுந்தவருக்குப் பக்கத்தில் கேட்ட கேள்வி "ஏன் குடிச்ச?" என்பதுதான். வடிவத்தில் அது கேள்வி. கேட்டவருக்குக் காது இருந்ததா என்பது வேறு கதை. 2008 முதல் 2011 வரை மூன்று கொடிய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடைசெய்தபோது உயிர்கள் மிஞ்சின, வீதம் வெகுவாகக் குறைந்தது. மிஞ்சின உயிர்களோடு பேசுகிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

அரைத் தாள்

இப்போது நிலைமை மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2005இன் தேசிய மனநலக் கொள்கை சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. அங்கொடை இப்போது தேசிய மனநல நிறுவகம். அது ஆரம்பித்த வருஷமான 1926தான் இன்றைக்கு யாரும் அழைத்துப் பேசக்கூடிய மனநல உதவி இலக்கமும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாக அரச சேவைக்கு வருகிறவர்கள் ஐந்து வருஷத்துக்குள் இரண்டாவது ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. பெரிய விஷயம்தான். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற தமிழ், 'விண்ணப்பப் படிவம்' தமிழ். விடிய நாலு மணிக்கு 'பேரு போயிரும்' என்று கத்துகிறவரின் தமிழ் அந்தப் பாடப்புத்தகத்தில் வராது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு எங்கள் குழு ஒரு சின்ன வேலை செய்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும், ஆஸ்பத்திரியில் படுத்து வந்த பெரியவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம். பயந்து போயிருக்கிற நேரத்தில் யாராவது உங்களுக்குத் தமிழில் ஒரு வார்த்தை சொல்வதென்றால் எது வேணும்? வந்த பதில்களை அரைத் தாளில் சிங்கள எழுத்தில் எழுதினோம், பக்கத்தில் சிங்கள அர்த்தத்தோடு. ஒரு மிஸ்ஸி பார்த்தவுடன் வாசித்துவிடலாம்.

பயப்படாதீங்க, ஒன்னும் ஆகல.
நான் இங்கதான் இருக்கேன்.
எங்க வலிக்குது? கைய வச்சுக் காட்டுங்க.
தண்ணி வேணுமா? பாத்ரூம் போகணுமா?
இது ஆஸ்பத்திரி. விடிஞ்சதும் வீட்டுக்காரங்க வருவாங்க.
ஊசிய எடுக்க வேணாம். எடுத்தா ரெத்தம் வரும்.
ஒங்க பேரு என்ன?

கடைசி வரியைச் சொன்னது அந்த அப்பாயிதான். "பதினாலு, பதினாலுன்னே கூப்பிட்டாங்க. எனக்குப் பேரு இல்லியா?" என்றார். பதினாலு அவருடைய கட்டில் இலக்கம். அந்த ராத்திரியைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் ஞாபகமில்லை. மணிக்கட்டில் இருந்த தழும்பு எப்படி வந்தது என்றுகூடத் தெரியவில்லை. மழை பெய்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம்.

தாளின் பின்பக்கம் நாங்கள் படிக்க வேண்டியது, தமிழ் எழுத்தில் சிங்களம். "பய வென்ன எபா" என்றால் பயப்படாதே என்று அர்த்தம். இதைத் தோட்டத்துப் பெரியவர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால், அர்த்தம் முழுக்கப் புரியாவிட்டாலும் குரலாவது பிடிபடும். தாதியர் கல்லூரிக்கும் அட்டெண்டன் வேலைக்கும் விண்ணப்பிக்கிற தங்கச்சி தம்பிகளுக்கு உதவுவது இதற்கடுத்த வேலை. தாள் என்பது அவர்கள் வரும் வரைக்கும்தான்.

இந்த அரைத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு வார்ட்டில், ஒரு சிங்களத் தாதி 'ஒங்க பேரு என்ன' என்பதை எங்கள் முன்னாலேயே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரியா என்று கேட்டார். நாங்கள் சரி என்றோம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில், பலாங்கொடையோ எட்டியாந்தோட்டையோ இறக்குவானையோ, பெரியவர்கள் வேறு என்ன வாக்கியம் கேட்கிறார்கள்? கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். தாளில் இன்னும் இடமிருக்கிறது.